டீச்சர் கேஸ்

அந்த டீச்சரை முந்நூறு பேர் முன்னாடி கிழிகிழின்னு கிழிச்சது நான்தான். அந்த டீச்சரே நான்தான்னு தெரிய நாலு நாள் ஆச்சு. சிரிக்கிறதுன்னா இப்பவே சிரிச்சு முடிச்சுடுங்க. நடுவில சிரிச்சா எனக்குக் கெட்ட கோபம் வரும்.

மருத்துவமனையில நான் உணவு ஆலோசகர். மாடிப்படிக்குக் கீழே எங்க அறை. ஒரு எடை மெஷின், ரெண்டு மேசை. ஒண்ணு எனக்கு, இன்னொண்ணு என்னைவிடப் பதினெட்டு வயசு இளையவளுக்கு. நோயாளிங்களுக்கு நான் பெரிய மேடம், அவ சின்ன மேடம்.

எங்க தொழில்காரங்களுக்குன்னு இணையத்துல முந்நூறு பேர் உள்ள ஒரு குழு இருக்கு, வெளியாளுங்க நுழைய முடியாது. புது ஆராய்ச்சியில எங்கே ஓட்டை, எந்தக் கம்பெனி விளம்பரத்தை அறிவியல்னு சொல்லி நம்ம காதுல பூ சுத்துது, எல்லாத்தையும் அங்கேதான் அலசுவோம். சிக்கலான கேஸையும் போட்டு யோசனை கேட்போம். நோயாளி பேர் வரக் கூடாது, ஆளை அடையாளம் காட்டுற விஷயத்தை மாத்திடணும். போடுறவங்களும் பேரை மறைச்சுக்கலாம்.

ஒரு திங்கட்கிழமை இப்படி ஒரு கேஸ் வந்துச்சு. 'பெண், நாற்பத்தேழு வயது, பள்ளி ஆசிரியை. இரண்டு வருடம் முன்பு சர்க்கரை எல்லையைத் தாண்டியிருந்தது. பிறகு பரிசோதனையே செய்யவில்லை. மதியம் நின்றபடி பிஸ்கட். ஓயாமல் தண்ணீர் குடிக்கிறார். உணவு பற்றி எல்லாம் தெரியும், யாராவது சொன்னால் பதிலுக்குப் பாடம் நடத்துகிறார். எப்படி அணுகுவது?'

எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. மதியம் என் பிஸ்கட்டை நின்னுக்கிட்டே கடிச்சபடி, ஒத்தை விரலால பதில் தட்டினேன். 'இந்தம்மாவுக்குப் புதுசா எதையும் சொல்லித்தர வேண்டாம். தெரிஞ்சே தன்னை ஏமாத்திக்கிறாங்க. காலை வெட்டி எடுத்த பிறகு யாருக்குப் பாடம் நடத்துவாங்களாம்? வீட்டில யாரோட உட்கார்ந்து சாப்பிடுறாங்கன்னு கேளுங்க. பதில் கோபமா வந்தா, உள்ளே பயம் இருக்குன்னு அர்த்தம். விடாதீங்க.'

நாற்பத்திரண்டு பேர் இதயம் போட்டாங்க. அன்னைக்கு முழுக்க நான் தரையில நடக்கலை.

எப்படித்தான் புரியாம போச்சுன்னு கேட்காதீங்க. டீச்சர்னு போட்டிருந்துச்சே! நான் எந்தக் காலத்துல டீச்சர்?

ரெண்டு நாள் கழிச்சு, எடை மெஷினைத் துடைச்சுக்கிட்டே சின்னவ கேட்டா. "அக்கா, வீட்டில யாரோட உட்கார்ந்து சாப்பிடுவீங்க?"

"யாரோட சாப்பிடுறது? அவருக்கு ராத்திரி ஷிஃப்ட், பொண்ணுக்கு செல்போன். பாத்திரம் கழுவுற தொட்டிதான் எனக்குத் துணை. உனக்கென்ன திடீர்னு இந்த விசாரணை? வேலையைப் பாரு!"

அவ வேலையைப் பார்த்தா. எந்த வேலைன்னு வெள்ளிக்கிழமைதான் தெரிஞ்சுது. குழுவில அந்தக் கேஸுக்குக் கீழே புதுசா நாலு வரி. 'கேட்டேன். "பாத்திரம் கழுவுற தொட்டிதான் எனக்குத் துணை" என்றார். கோபமாகத்தான் சொன்னார். அடுத்து என்ன செய்யட்டும்?'

தூக்கிவாரிப் போட்டுச்சு. நாற்காலியோட அப்படியே திரும்பினேன். அவ கீபோர்டுல ஒரு எழுத்தையே உத்துப் பார்த்துக்கிட்டிருந்தா.

"ஏன்டி, முந்நூறு பேர் முன்னாடி என் மானத்தை வாங்கத்தான் பக்கத்துல உட்கார்ந்திருக்கியா?"

"உங்க பேர் யாருக்கும் தெரியாதே, அக்கா."

"எனக்குத் தெரியுமேடி! நேர்ல சொல்றதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா?"

"நேர்ல மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் எனக்கே வகுப்பு எடுத்தீங்க." அவ என் பக்கம் திரும்பினா. "போன வாரம் நீங்க செருப்பைக் கழட்டினப்போ உள்ளேயிருந்து ஸ்டேப்ளர் பின் விழுந்துச்சு. குத்தி ரத்தம் காய்ஞ்சிருந்துச்சு. காலையிலிருந்து அதோடதான் நடந்திருக்கீங்க, உங்களுக்கே தெரியலை. நீங்க யார் பேச்சையும் கேட்க மாட்டீங்க. அதான் உங்க பேச்சையே உங்களைக் கேட்க வைக்கலாம்னு பார்த்தேன்."

செருப்பைக் கழட்டினேன். காலைத் தூக்கி மடியில வச்சு அழுத்திப் பார்த்தேன். யாரோட காலையோ தொடுற மாதிரி இருந்துச்சு.

எங்க அக்காவுக்குச் சர்க்கரையால கால்ல ரெண்டு விரலை எடுத்தாங்க. ஒவ்வொரு தடவை கட்டு மாத்துறப்பவும் நான்தான் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அடுத்த மாசம் என் ரிப்போர்ட் வந்துச்சு. எண்ணைப் பார்த்தேன், மடிச்சு இந்த மேசை இழுப்பறைக்குள்ள தள்ளினேன், அங்கேதான் சின்னவ பார்த்திருக்கணும். அதுக்கப்புறம் ரத்தமே கொடுக்கலை. நேரமில்லைன்னு சொல்லிக்கிட்டேன். பொய். பயந்துட்டேன், அவ்வளவுதான்.

குழுவைத் திறந்து, பேரை மறைக்காம எழுதினேன். 'அந்த டீச்சர் நான்தான். மூணு மாசச் சர்க்கரை டெஸ்டுக்கு வெறும் வயிறுகூட வேண்டாம், இப்பவே போகலாம். எழுந்திருக்கத்தான் முடியலை. பயமா இருக்கு.'

இனி எல்லாரும் வரிசையில வந்து அறிவுரை சொல்லுவாங்க, வாங்கிக் கட்டிக்கணும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒருத்தரும் சொல்லலை. முதல் பதில், 'நானும் மூணு வருஷமா எடுக்கலை.' அடுத்தது, 'எனக்கு கொலஸ்டிரால், பார்க்கவே பயம்.' சின்னச் சின்னதா வந்துக்கிட்டே இருந்துச்சு. நானும் நானும்னு பதினோரு பேர். ஊருக்கெல்லாம் சாப்பாட்டுப் பட்டியல் போட்டுக் கொடுக்கிற பதினோரு பேர்!

பேரை மறைச்சு வந்த பன்னிரண்டாவது பதிலைப் படிச்சுட்டு மறுபடியும் படிச்சேன். 'எனக்குக் கர்ப்பத்துல சர்க்கரை இருந்துச்சு. பிரசவம் ஆகி ஒரு மாசம் கழிச்சுப் பார்க்கச் சொன்னாங்க. பாப்பாவுக்கு இப்போ ரெண்டு வயசு.'

பக்கத்து மேசையில போன் குப்புறக் கிடந்துச்சு. சின்னவ முகத்தை ரெண்டு கையாலயும் மூடிக்கிட்டிருந்தா.

"எழுந்திருடி," என்றேன். "லேப்ல எனக்கு முன்னாடி நீ கையை நீட்டுற."