நேர்கோட்டில் இருபது புள்ளிகள்

“அப்ப கோடு நேரா இருக்கிறது பிழையோ, பிள்ளை?”

“ஓம் அண்ணை. இவ்வளவு நேரா இருந்தால் பிழைதான்.”

கலாநிதி ஏரம்பமூர்த்தி சிரித்தார். என்னைப் போல வெறும் பட்டதாரிகளுக்கென்று அவர் வைத்திருக்கும் சிரிப்பு அது. ஒக்லண்டில் நாங்கள் இருந்த லின்ஃபீல்டில் யார் வீட்டுச் சாப்பாட்டுக்குப் போனாலும் தன் ஆராய்ச்சிக் கட்டுரையைப் பற்றித்தான் கதைப்பார். கறியைவிட அந்தக் கட்டுரையையே நாங்கள் அதிகம் விழுங்கியிருக்கிறோம். இங்கே உயிர் இரசாயனம் என்பது பொத்தான் அழுத்துகிற வேலை, குரங்குக்கும் பழக்கலாம் என்பார்.

அந்தப் பொத்தானை அழுத்த எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் அவருக்கு மூன்று மாதம் கொடுத்திருந்தார்கள். அது வெள்ளியோடு முடிகிறது. அவருடைய வேலையைப் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டியவள் நான். வேலை நிரந்தரமானால்தான் விசா. அது எண்பத்தேழாம் ஆண்டு. கொழும்பில் காத்திருந்த அவருடைய மனைவி குணவதி அக்காவும் பிள்ளைகளும் அந்த விசாவை நம்பித்தான் இருந்தார்கள்.

நோயாளிகளின் இரத்தத்தைத் தொடுமுன், சர்க்கரை அளவு முன்பே தெரிந்த கொன்ட்ரோல் சீரத்தைக் காலையில் மெஷினில் ஓட்ட வேண்டும். வருகிற எண்ணைச் சுவர் வரைபடத்தில் புள்ளியாக வைக்க வேண்டும். நல்ல மெஷினிலும் புள்ளி கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். இந்த மெஷினை அவரிடம் தனியாக விட்டு இருபது நாள்; அவருடைய இருபது புள்ளிகளும் போத்தல் லேபிளில் அச்சடித்திருந்த 5.5இலேயே நின்றன. பள்ளிக்கூட அணிவகுப்பில்கூட ஒரு பிள்ளையாவது விலகி நிற்கும்.

குளிர்பெட்டியைத் திறந்தேன். அவருக்குக் கொடுத்த கொன்ட்ரோல் போத்தல்களில் ஒன்றின் முத்திரைகூட உடைபடவில்லை. விடை தெரிந்த கணக்கைத் தினமும் செய்து பார்ப்பது படிக்காதவனின் பழக்கம் என்று அவர் எனக்கு விளக்கினார்.

நான் ஒன்றை உடைத்து ஓட்டினேன். 7.1. மறுபடி ஓட்டினேன். 7.0.

அவருடைய சிரிப்பு நின்றது. சர்க்கரை கூடவென்று நம்பி எந்த வார்டிலோ யாருக்கோ இன்சுலினைக் கூட்டியிருப்பார்கள். எத்தனை நாளாக என்று சொல்ல, அந்தச் சுவரில் உண்மையான புள்ளி ஒன்றுகூட இல்லை. கலாநிதிக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. இன்சுலின் என்ன செய்யும் என்பதுதான் அவருடைய கட்டுரையே.

அன்றைய முடிவுகளை நிறுத்திவிட்டு, வார்டுகளுக்குச் சொல்ல டெலிபோனை எடுத்தேன். அவர் வரைபடத்தைச் சுவரிலிருந்து கழற்றி என் முன்னால் வைத்தார். தன் பேனாவையும் மூடி கழற்றி வைத்தார்.

“இண்டைக்குத்தான் மெஷின் பிழைச்சதெண்டு எழுதி, கீழை ஒரு கையெழுத்து வையும், தங்கச்சி.”