புளூட் என்றால் இரத்தம்

மூவாயிரத்து நானூற்றெண்பத்திரண்டு யூரோ, அறுபது சதம். ஒல்லாந்தில் செத்துப்போன வலன்ரைன் வைத்துவிட்டுப் போன வீட்டு வாடகைக் கடன் அது. அதைச் சொல்லி அங்கத்தைய நொத்தாரிசு வக்கீல் ஒருவரின் கடிதம், சென்ட் லோரன்டில் நகுலேஸ்வரனின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

மட்டைப்பெட்டி ஃபக்டரியில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தவர், அந்த ஒல்லாந்து மொழியை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பார்த்தார். பிடிபடவில்லை. மனைவி யோகராணி அதைப் படமெடுத்து, ஜெர்மனியில் இருக்கும் தங்கை சாருஜாவுக்கு அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது.

“அத்தான், இந்தப் பாஷை எங்கட ஜெர்மன் டொச்சுக்குப் பக்கத்து வீடுதானே. எங்கட ‘புளூட்’தான் அவையளுக்கும் ‘புளூட்’. எழுத்துத்தான் வேற. புளூட்வெர்வான்ட் எண்டா இரத்த உறவு. நீங்கள் செத்தவற்ற இரத்த உறவோ எண்டு கேக்கினம். முதல் கட்டம் ஓம், அடுத்தது இல்லை. ஓமெண்டா கடன் உங்கட தலையில.”

புளூட் அவருக்கும் தெரிந்த சொல். முப்பது வருடத்துக்கு முன் ஒல்லாந்து அகதி முகாமில், ஊசியோடு வந்த தாதி அதைச் சொல்லித்தான் கையை நீட்டச் சொன்னாள். பிரித்துவிடுவார்களோ என்ற பயத்தில் அவரும் வலன்ரைனும் அண்ணன் தம்பி என்று பதிந்திருந்தார்கள். பதினாலு மாதம், ஒரே அறை, ஒரே சட்டி. பிறகு அவர் நாடு மாறிவிட்டார்; நத்தாருக்கு நத்தார் ஒரு வாழ்த்துப் போன், அவ்வளவுதான்.

“அண்ணன் வலன்ரைன், தம்பி நகுலேஸ்வரன்! எந்தக் கோயில்ல பேர் வைச்சவையாம்?” என்றாள் யோகராணி. “இல்லையெண்டு போட்டு அனுப்புங்கோ. ஒரு சதம் கட்டத் தேவையில்லை.”

“செத்தவனை ஆரெண்டே தெரியாதெண்டு சொல்லச் சொல்லுறியோ?”

“அப்ப ஓமெண்டு போட்டிட்டு, உந்த நாரிநோவோட இடுப்பைப் பிடிச்சுக்கொண்டு இன்னும் ரெண்டு வருசம் பெட்டி தூக்குங்கோ.”

பேனா ‘இல்லை’க்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ‘ஓம்’ கட்டத்தில் புள்ளடி போட்டார். யோகராணி தலையில் அடித்துக்கொண்டாள்.

“பொறு அக்கா, கீழ இன்னொரு கட்டம் கிடக்கு,” என்றாள் போனில் சாருஜா. “இரத்த உறவெண்டாலும் கடனை ஏற்கமாட்டன் எண்டு சொல்லலாமாம்.”

“மெய்யோ?”

“ஓம் அத்தான். கூடப் பிறந்ததுகளே அதைத்தான் செய்யுதுகள்.”

அவர் அதிலும் புள்ளடி போட்டுக் கையெழுத்து வைத்தார்.

ஆறு கிழமையில் பதில் வந்தது. சாருஜாதான் வாசித்தாள். காலமானவரின் தம்பி கடனை மறுத்துவிட்டார்; வேறு இரத்த உறவு எவரும் இல்லை; ஆகவே வீட்டுச் சொந்தக்காரர் அந்தத் தொகையை அறவிட முடியாத கடனென்று வெட்டிவிட்டார்.