வாசலில் பிடிபட்ட பாட்டில்

"பாட்டிலைக் கீழ வை! வைம்மான்னா!"

பெண் காவலர் இளவேனிலின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். அடுத்த நொடி, யாரோ ஒரு வாளித் தண்ணீரை அவள் தலையில் கவிழ்த்தார்கள். திருச்சி கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு வரிசையில் நின்றவர்கள் அலறிக்கொண்டு சிதறினார்கள்.

டெல்பின் டீச்சர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

"விடுங்க அவளை! என் ஸ்டூடண்ட்! பிளஸ் டூ படிக்கிற பொண்ணு!"

"நீங்களே மோந்து பாருங்க டீச்சர்." காவலர் பாட்டிலை நீட்டினார்.

குப்பென்று அடித்தது பெட்ரோல் வாசம்.

மனு கொடுத்துச் சலித்துப்போனவர்கள் அதைத் தங்கள் மேலேயே ஊற்றிக்கொண்டு பற்றவைக்கப் பார்த்ததால், திங்கட்கிழமை மனு நாளில் இங்கே எல்லாப் பாட்டிலையும் திறந்து முகர்வார்கள். அதனால்தான் வகுப்பில் டெல்பின் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள், தண்ணீர் பாட்டில்கூட வேண்டாமென்று.

பாடம், அழுத்தக் குழுக்கள். அவர்கள் தேர்தலில் நிற்பதில்லை. நாற்காலியில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்க வைப்பார்கள். புத்தகத்தில் படித்தால் போதாது, ஒரு கோரிக்கையை எடுத்து நாமே போராடிப் பார்ப்போம் என்று டெல்பின்தான் கிளப்பிவிட்டாள். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் இருக்கும் இளவேனிலின் தெருவுக்குக் காவிரிக் குடிநீர்க் குழாய் வேண்டும். அதுதான் கோரிக்கை. கொடுத்த மனுவுக்கெல்லாம் ஒரே பதில்: தெருவில் அடிபம்பு இருக்கிறது, அது போதும்.

"நாம சொன்னா அது புகார்தான். ஆபீசருங்களே எழுதினா ஆதாரம்" என்று அன்றைக்கு டெல்பின் முடிக்கும்போது, கடைசி பெஞ்சு தஸ்லிமா எழுந்தாள்.

"பேப்பர்ல யாரு போட்டோ மிஸ் வருது? ஊத்திக்கிறவங்க போட்டோதான?"

பெல் அடித்துவிட்டது. டெல்பின் பதில் சொல்லாமல் வெளியே வந்துவிட்டாள். அந்தக் கேள்வியை இளவேனில் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாளா?

வாசலை ஒட்டிய போலீஸ் அறையில் இன்ஸ்பெக்டர் சவரிராயன் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் பாட்டில். எதிரே தலை சொட்டச் சொட்ட இளவேனில்.

"படிக்கிற வயசுல என்னம்மா புத்தி இது? டீச்சர் சொல்லிக் குடுத்தாங்களா?"

"பாட்டிலே கொண்டு வரக் கூடாதுன்னுதான் சார் சொன்னாங்க."

"பெட்ரோல் எங்க கிடைச்சுது?"

"எங்க தெரு முனையில பங்க் இருக்கு சார்."

"ஊத்திக்கத்தான வந்த?"

"இல்ல சார்."

"பின்ன, குடிக்கவா?"

இளவேனில் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், கேஸ் வேணாம் சார்." டெல்பின் மேஜையருகே வந்தாள். "பரீட்சை எழுத வேண்டிய பொண்ணு. வாழ்க்கையே போயிடும். நான் பொறுப்பு."

சவரிராயன் மீசையைத் தடவினார். வெளியே தஸ்லிமாவும் மற்ற பெண்களும் அழுவது கேட்டது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் பொண்ணு இருக்கு டீச்சர். வெறும் தண்ணின்னு எழுதிட்டுக் கொட்டிடறேன். சத்தமில்லாம கூட்டிட்டுப் போயிடுங்க."

டெல்பினுக்கு மூச்சு வந்தது. கை எடுத்துக் கும்பிட்டாள்.

"வேணாம் சார்" என்றாள் இளவேனில். "தண்ணின்னு எழுதாதீங்க."

"என்னது?"

"என்ன வாசம் வருதோ அதையே எழுதுங்க. எழுதி, கையெழுத்துப் போட்டு, எனக்கு ஒரு காப்பி குடுங்க."

"பைத்தியமாடி உனக்கு?" டெல்பின் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "உள்ள போட்டுருவாங்கடி!"

"போடட்டும் மிஸ்."

சவரிராயனின் முகம் சிவந்தது. "பாவம் பார்த்தா திமிரா பேசுற?" பாட்டிலைத் தானும் முகர்ந்தார், பெண் காவலரையும் இன்னொருவரையும் முகரச் சொன்னார். மூன்று பேரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். விறுவிறுவென்று எழுதினார். பாட்டிலுக்கு அரக்கு முத்திரை வைத்தார். சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். காப்பி ஒன்றை மேஜையில் விசிறினார்.

"இந்தா. போதுமா?"

"பாட்டிலை லேப்புக்கு அனுப்புவீங்களா சார்?"

"அனுப்பாம? கோர்ட்டுக்கே போகும்!"

இளவேனில் காகிதத்தை ஈரம் படாமல் எடுத்துப் படித்தாள். கடைசி வரிவரை படித்தாள். அதற்குப் பிறகுதான் டெல்பினின் முகத்தைப் பார்த்தாள்.

"மன்னிச்சிருங்க மிஸ். முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க விட்டிருக்க மாட்டீங்க." இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். "தெருவுக்கு வந்த ஆபீசருங்க எல்லாரும் வாசமே இல்லைன்னுட்டுப் போயிட்டாங்க சார். இந்த வாசல்ல மட்டும்தான் பாட்டிலைக் கட்டாயம் மோந்து பார்ப்பாங்கன்னு மிஸ் சொன்னாங்க."

சவரிராயனின் கை அரக்கின்மேல் அப்படியே நின்றது.

"அது நான் வாங்கினது இல்ல சார். காலையில எங்க தெரு அடிபம்புல அடிச்சேன். தெருவே அதைத்தான் காய்ச்சிக் குடிக்குது."