சுற்றறிக்கையில் தண்ணீர் இல்லை

பிளம்பருக்கு அருவருப்பு அதிகம். இருபது வருடமாக அடுத்தவர் வீட்டுச் சாக்கடையில் கை விட்டுப் பிழைக்கிற ஆளுக்கு இப்படி ஒரு குணம் வாய்த்திருக்க வேண்டாம். சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டது என்று கூப்பிட்டால், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் மூக்கு சொல்லிவிடும்: மூன்று வாரத்து எண்ணெய், இரண்டு பேருடைய தலைமுடி, ஒரு சட்டைப் பொத்தான். திறந்து பார்த்தால் பொத்தானின் நிறம் உட்படச் சரியாக இருக்கும். ஒருமுறை ரிட்டையர்டு வக்கீல் ஒருவர் வீட்டில் குழாயின் வளைவைக் கழற்றியபோது உள்ளேயிருந்து ஒரு பல்செட்டு வந்தது. வந்ததோடு நிற்காமல் அவரைப் பார்த்துச் சிரித்தது. வக்கீல் அதை வாங்கி, வேட்டி முனையில் ஒரு துடை துடைத்து, வாயில் மாட்டிக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ்ப்பா" என்றார். பிளம்பர் நான்கு நாள் மெல்லுகிற சாமான் எதையும் தொடவில்லை.

அப்படிப்பட்டவருக்குப் பிறந்தது எதையும் நக்கிப் பார்க்கிற பிள்ளை. நான்கு வயது. வீட்டில் அவளுக்குப் பெயர் சப்பி. கதவுத் தாழ்ப்பாள், பேருந்துக் கம்பி, பக்கத்து வீட்டு நாயின் காது என்று அவள் நாக்குப் படாத பொருள் அந்தத் தெருவில் கிடையாது. கண்ணைக் கட்டிவிட்டு ஒரு சாவியை வாயில் வைத்தால் எந்த வீட்டுச் சாவி என்று சொல்லுவாள். தொலைந்த சாவிகள் இரண்டு அப்படித்தான் சொந்தக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தன. சப்பியின் அம்மா இதை நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அப்பா வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் நடப்பார்.

தொற்று வந்ததும் நர்சரியை மூடினார்கள். பதினொரு மாதம் பிளம்பர் மகளை வீட்டுக்குள்ளேயே வைத்து, அவள் நாக்கு எட்டும் உயரம் வரைக்கும் சுவரைத் தினமும் சோப்புப் போட்டுத் துடைத்தார். சுவரில் அந்த உயரத்துக்கு இன்றைக்கும் சுண்ணாம்பு கிடையாது.

பிறகு ஒரே வாரத்தில் இரண்டு சேதி வந்தன. ஒன்று, நர்சரி திங்கட்கிழமை திறக்கிறது. நூற்றிருபது பிள்ளைகளில் அறுபது பேருக்குத்தான் இப்போதைக்கு இடம். இன்னொன்று, சப்பியின் அம்மா வேலை பார்த்த பிஸ்கட் கம்பெனியிலிருந்து சூப்பர்வைசர் போன் பண்ணினார். "திங்கக்கிழமை வந்தீங்கன்னா உங்க இடம் இருக்கு. செவ்வாக்கிழமை வந்தீங்கன்னா அதுல வேற ஆள் இருப்பாங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

நர்சரி வாசலில் மனுக் கொடுக்கப் பெற்றோர்கள் வட்டம் போட்ட இடங்களில் நின்றார்கள். பேசுவதற்காக எல்லோரும் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கியிருந்தார்கள். பிளம்பர் மட்டும் இரண்டு மாஸ்க் போட்டு மூச்சைப் பாதியாக விட்டுக்கொண்டிருந்தார்.

"என் பையன் மாஸ்க்கைக் கழட்டி இன்னொருத்தனுக்குக் குடுத்துட்டு அவனோடத வாங்கிப் போட்டுப்பான்" என்றார் முன்னால் நின்ற பஸ் டிரைவர். "போன மாசம் தடுப்பூசி போடக் கூட்டிட்டுப் போனேன். நீல மாஸ்க்குல போனான். பூனைப் படம் போட்டதுல திரும்பி வந்தான்."

"யாரோடதுங்க அது?" என்றாள் பின்னால் நின்ற தையற்காரம்மா.

"அதைத்தான் நாங்க ரெண்டு வாரமா காய்ச்சல் வருதா வருதான்னு பாத்துக்கிட்டே யோசிச்சோம்."

"என் பொண்ணுக்கு மூக்கு பொறந்ததிலேருந்து ஒழுகுது. இது வெறும் அலர்ஜின்னு எழுதிக் கழுத்துல மாட்டி அனுப்பலாமான்னு பாக்கறேன்."

"மாட்டினா யாரு படிப்பா? எல்லாம் எல்.கே.ஜி."

"அப்ப அனுப்பாம இருந்துடுங்களேன்" என்றார் பிளம்பர், இரண்டு மாஸ்க்குக்கு உள்ளேயிருந்து.

டிரைவர் திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தார். "அனுப்பாம, இவனை வண்டியில மடியில வச்சுக்கிட்டு ஓட்டவா? நேத்து ஓட்டினேன். ஹாரன் அவன் கையில. ஊரே எனக்கு வழி விட்டுச்சு."

நர்சரியின் பெரிய மேடம் வெளியே வந்தது அப்போதுதான். கையில் சானிடைசர் புட்டி, கக்கத்தில் ஒரு ஃபைல். பிளம்பரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "நீங்க பிளம்பர்தானே? உள்ள வாங்க. உங்க மனு வரிசையில நிக்க வேண்டியதில்ல."

உள்ளே வராந்தாச் சுவரில் பன்னிரண்டு வாஷ்பேசின் மாட்ட வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள். அன்றைக்கு ஆய்வாளர் வருகிறார். ஐந்து பிள்ளைக்கு ஒரு வாஷ்பேசின் என்று அரசாங்கச் சுற்றறிக்கை. பிளம்பர் சுவரைத் தட்டிப் பார்த்தார், தொட்டியிலிருந்து வரும் லைனைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"மேடம், இந்த லைன் ரெண்டு பேசினுக்குத்தான் தாங்கும். பன்னண்டுக்குப் புதுசா இழுக்கணும். வராந்தாவை உடைக்கணும். ஒரு வாரத்துக்கு மேல ஆகும்."

"உடைக்க வேண்டாம். வாசல் பக்கம் இருக்கிற ரெண்டுக்கும் தண்ணி குடுங்க. மீதி பத்தையும் மாட்டுங்க."

"மாட்டிட்டு?"

"மாட்டிட்டுப் போங்க."

பிளம்பருக்கு விளங்கவில்லை. மேடம் ஃபைலைத் திறந்து அவரிடம் நீட்டினார். "பத்தொன்பது பக்கம். நான் மூணு தடவை படிச்சுட்டேன். பேசினோட உயரம் போட்டிருக்கு, நிறம் போட்டிருக்கு, ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு தூரம்னு போட்டிருக்கு. தண்ணின்னு எங்கயாவது ஒரு வார்த்தை இருந்தா காட்டுங்க."

பிளம்பர் பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பத்தொன்பது பக்கத்தையும் படித்தார். மேடம் சொன்னது நிஜம். சோப்பு ஏழு இடத்தில் வந்தது. கை பதினாறு இடத்தில் வந்தது. கைகழுவும்போது பாடவேண்டிய பாட்டுகூட இருந்தது. தண்ணீரை மட்டும் காணோம்.

"எழுதினவங்க மறந்திருப்பாங்க மேடம்."

"மறந்ததை ஞாபகப்படுத்தறது நம்ம வேலையில்ல" என்றார் மேடம். பிறகு ஃபைலிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். அறுபது பெயர். "இதுல ஐம்பத்தொன்பது எழுதிட்டேன். அறுபதாவது உங்க பொண்ணு. பென்சில்ல எழுதியிருக்கேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேனாவுல எழுதிடுவேன்."

பிளம்பர் பத்து பேசின்களையும் மாட்டினார். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சாண் குழாயைச் சுவருக்குள் செருகி, சுற்றிலும் சிமெண்ட் பூசினார். அந்தக் குழாய்கள் எங்கிருந்தும் வரவில்லை, எங்கேயும் போகவில்லை. தண்ணீர் வராத பேசின் ஒரு வாரத்தில் என்னவாகும் என்று அவருக்குத் தெரியாதா? முதல் நாள் எச்சில். இரண்டாம் நாள் மூக்கைச் சிந்திய விரல். மூன்றாம் நாள் பாதி மென்ற பிஸ்கட், அதன்மேல் எறும்பு. நான்காம் நாள் உயரம் எட்டுகிற பையன் எவனாவது கால்சட்டையை இறக்குவான். ஐந்தாம் நாள் சப்பி வந்து ஒவ்வொன்றாக நக்கிப் பார்த்து, எது எது என்று பெயர் சொல்லுவாள். அவர் கொத்துக்கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். ஓங்கரித்து முடிந்ததும் வாய் கொப்பளிக்க ஐந்தாவது பேசினைத் திறந்தார். அதில் தண்ணீர் வராது என்பது அதற்குள்ளேயே அவருக்கு மறந்துவிட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை ஏற்பாடுகளைப் பார்க்கப் பெற்றோர் பிள்ளைகளோடு வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். டிரைவரும் தையற்காரம்மாவும் இன்னும் முப்பது நாற்பது பேரும் வந்தார்கள். சப்பியின் அம்மா, சப்பி வாயில் ஒரு பச்சை மிட்டாயைப் போட்டு அடைத்துக் கூட்டி வந்தாள். வேறு எதையும் நக்காமல் இருக்க அது ஒன்றுதான் வழி.

ஆய்வாளர் கையில் பென்சிலோடு வந்தார். அந்த மாதம் நாற்பத்தேழு பள்ளிகளைப் பார்த்து முடித்தவர். ஒரு பள்ளியிலும் ஒரு குழாயையும் அவர் தொட்டதில்லை. தொற்றுக் காலத்தில் எதையும் தொடக்கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு. பென்சிலைக் காற்றில் ஆட்டி ஒன்று, இரண்டு என்று பன்னிரண்டு வரை எண்ணினார். டேப்பை வைத்து உயரம் அளக்கச் சொன்னார். "திருப்தி" என்று எழுதினார்.

"ஒரு போட்டோ எடுத்துக்கலாம் சார்" என்றார் மேடம். "ஒரு குழந்தையோட."

பக்கத்தில் நின்ற குழந்தை சப்பி. ஆய்வாளர் குனிந்து, போட்டோவுக்காகக் கையை நீட்டி, "பாப்பா, மாமாவுக்கு என்ன தருவீங்க?" என்றார்.

கேட்டால் கொடுக்கிற பிள்ளை அவள். வாயிலிருந்த மிட்டாயை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, ஒட்டட்டும் என்று இரண்டு விரலால் ஓர் அழுத்து அழுத்தினாள். மிட்டாயில் நாய் முடி ஒன்று இருந்தது. எச்சில் மணிக்கட்டு வழியாக முழுக்கைச் சட்டைக்குள் இறங்கியது.

போட்டோ எடுத்துவிட்டார்கள். ஆய்வாளர் சிரித்த முகம் மாறாமல் நிமிர்ந்தார். அந்தக் கையை மட்டும் உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன்னைப் போல ஒரு மனிதரைப் பார்த்த பாசம் பிளம்பருக்கு உண்டாயிற்று.

"கை கழுவணும்" என்றார் ஆய்வாளர்.

மேடம் சானிடைசரை நீட்டினார். அது மிட்டாயின்மேல் பட்டு, பச்சை நிறம் முழங்கை வரை பரவியது. "தண்ணி" என்றார் ஆய்வாளர். "எதுல வருது?"

கேள்வி பொதுவாகத்தான் வந்தது. ஆனால் எல்லோரும் பிளம்பரைப் பார்த்தார்கள். மேடம் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணால் வாசல் பக்கத்து இரண்டையும் காட்டினார். ஃபைலுக்குள் அறுபதாவது பெயர் பென்சிலில் இருந்தது. சப்பியின் அம்மா புதிதாகத் துவைத்த கம்பெனிச் சட்டையைத் திங்கட்கிழமைக்கென்று கொடியில் போட்டுவிட்டு வந்திருந்தாள். சப்பி அதற்குள் மூன்றாவது பேசினின் விளிம்பில் நாக்கை வைத்திருந்தாள்.

பிளம்பர் அந்த நாக்கைப் பார்த்தார்.

"எல்லாத்துலயும் வரணும் சார்" என்றார். "அந்தக் கோடியிலேருந்து ஒண்ணு ஒண்ணா திறந்துட்டு வாங்க."

ஆய்வாளர் பன்னிரண்டாவதைத் திறந்தார். குழாய் ஒரு ஏப்பம் விட்டது. பதினொன்றாவது ஏப்பமும் விடவில்லை. பத்து, ஒன்பது, எட்டு என்று அவர் வேகம் கூடியது. தொட்ட குழாயிலெல்லாம் பச்சைப் பிசின் நூல் நூலாக இழுத்தது. ஆறாவதுக்கு வந்தபோது திருகு அவர் கையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஐந்தாவதில் சுவரோடு குழாயே வந்தது. ஒரு சாண் நீளம்.

பெற்றோர்கள் வராந்தாவில் நெருங்கி வந்தார்கள். இடைவெளிக்கு வரைந்த வட்டங்களை யாரும் மதிக்கவில்லை.

"இதுலதான் எங்க பசங்க கை கழுவப் போறாங்களா மேடம்?" என்றார் டிரைவர், சத்தம் போடாமல்.

"சுற்றறிக்கையில தண்ணின்னு போடலை" என்றார் மேடம்.

ஆய்வாளர் இரண்டாவது பேசினுக்கு வந்து சேர்ந்தார். தண்ணீர் கொட்டியது. அவர் கால் மணி நேரம் கழுவினார். பிறகு ஈரக்கையோடு பென்சிலை எடுத்து "திருப்தி" என்பதை அடித்துவிட்டு, பன்னிரண்டிலும் தண்ணீர் வரும்வரை நர்சரி திறக்கக்கூடாது, திங்கட்கிழமையிலிருந்து ஒன்பது நாள் கெடு என்று எழுதினார். மேடம் ஃபைலைத் திறந்து ரப்பரால் ஒரு பெயரை அழித்தார். அந்தத் துகளை ஊதியபோது அது பிளம்பரின் சட்டைமேல் வந்து விழுந்தது.

வீட்டுக் கதவைத் திறந்ததும் சப்பியின் அம்மா ஆரம்பித்தாள்.

"ஏங்க, அந்த ரெண்டைக் காட்டிட்டுப் பேசாம இருந்திருக்கக் கூடாதா? திங்கக்கிழமை நான் எங்க போறது?"

"கம்பெனிக்குப் போ."

"இவளை?"

பிளம்பர் சட்டைமேல் கிடந்த ரப்பர்த் துகளைத் தட்டிவிட்டார்.

அவள் கொடியிலிருந்து சட்டையை எடுத்து மடித்தாள். பிறகு திரும்பினாள். "ஆமா, பத்துலயும் தண்ணி வராதுன்னு தெரிஞ்சேவா மாட்டினீங்க?"

"தெரிஞ்சுதான்."

"என்கிட்ட சொல்லலை."

"சொல்லலை."

"த்தூ" என்றாள் அவள். அது மேடத்துக்கா அவருக்கா என்று பிளம்பர் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் பங்கு இருந்தது. "நான் மட்டும் அங்க இருந்திருந்தா அந்த அம்மாவை அந்த பேசின்லயே முக்கியிருப்பேன்."

"நீ அங்கதானே இருந்தே. தண்ணி இல்லையேம்மா."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி கொடியில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய மேடம் அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஊரில் உள்ள அத்தனை பிளம்பர்களும் மற்றப் பள்ளிகளில் வாஷ்பேசின் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆய்வாளர் எல்லாப் பள்ளிக்கும் திரும்பப் போகிறார், இந்தத் தடவை குழாயைத் திறக்கிறார் என்ற சேதி அதற்குள் பரவி, பிளம்பர்களைக் கட்டிலில் இருந்தே தூக்கிக்கொண்டு போனார்கள். மேடம் நாலு வீடு ஏறி இறங்கி, கடைசியில் இங்கே வந்திருந்தார்.

"வராந்தாவை உடைச்சுக்குங்க" என்றார்.

"என் பொண்ணு பேரை எழுதுங்க. பேனாவுல" என்றார் பிளம்பர். "அப்புறம், லைன் இழுக்கிற ஒன்பது நாளும் அவ என்கூடத்தான் இருப்பா."

திங்கட்கிழமை சப்பியின் அம்மா கம்பெனிக்குப் போனாள். நர்சரியில் ஒன்பது நாளும் ஒரே பிள்ளை படித்தது. உலகத்திலேயே பத்திரமான பள்ளிக்கூடம் அந்த ஒன்பது நாளும் அதுதான். மேடம் தனியாக உட்கார்ந்து சப்பிக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தார்; சப்பி ஒவ்வொரு எழுத்தையும் பலகையிலிருந்து நக்கி அழித்தாள். பிளம்பர் வராந்தாவை உடைத்து, குழாய் இழுத்து, பன்னிரண்டு பேசின்களையும் கழற்றிக் கழுவி மாட்டினார். கடைசி நாள் சப்பி வரிசையாகச் சோதித்துவிட்டு வந்து சொன்னாள்:

"ஏழாவதுதான்ப்பா நல்லாருக்கு."

அவர் ஏழாவதை இன்னொரு தடவை கழுவினார்.

நர்சரி திறந்த அன்று காலையில் பெற்றோர்கள் கேட்டுக்கு வெளியே நிற்க, பிளம்பர் பன்னிரண்டு குழாய்களையும் முழங்கையால் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். பன்னிரண்டிலும் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவராகப் பிள்ளையின் கையை விட்டார்கள். அவரும் விட்டார்.

சாயங்காலம் சப்பி வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்குப் போகும்போது அவள் போட்டிருந்தது மஞ்சள் மாஸ்க். வரும்போது பூனைப் படம் போட்ட மாஸ்க் இருந்தது. பூனையின் வாய் இருந்த இடம் நனைந்திருந்தது.

பிளம்பர் யாருடையது என்று கேட்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு விரலால் அதன் கயிற்றைப் பிடித்துத் தூக்கினார். குழாயை முழங்கையால் திறந்தார்.