நான் வேண்டாமென்ற பெண்ணின் கல்யாணம்

என் நண்பன் கணேசமூர்த்தியின் கல்யாணப் பத்திரிகை வந்த அன்று மணப்பெண்ணின் பெயரை மூன்று தடவை படித்தேன். பூரணி. ஊர் பூண்டுலோயா. தகப்பன் பெயரும், தேயிலைத் தோட்டத்தின் பெயரும் சரியாக இருந்தன. பதினான்கு மாதங்களுக்கு முன்பு நான் அம்மாவோடு பெண் பார்க்கப் போய், நான்கு வடை தின்றுவிட்டு வந்து, வேண்டாமென்று சொன்ன அதே பெண்.

ஏன் வேண்டாமென்றேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் எனக்கு ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை நிரந்தரமாகியிருந்தது. கால் தரையில் பாவவில்லை. கொழுந்து பறிக்கிற பெண் ஒரு வாத்தியாருக்குச் சரிப்படுமா? வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதே, "வேணாம்னு சொல்லிரும்மா" என்றேன். "சரிப்பா" என்றாள் அம்மா. புளி வாங்குவதற்குக்கூட அரை நாள் வாதாடுகிறவள், இதற்கு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மகனுடைய தகுதி அவளுக்கு ஒருவழியாகப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு பூரணியை நினைத்து நான் பட்ட வேதனை கொஞ்சநஞ்சமல்ல. பாவம், அழுதிருப்பாள். சாப்பிட்டிருக்க மாட்டாள். மலையில் நிரை பிடித்துக் கொழுந்து கிள்ளும்போதெல்லாம் என் முகம் அவள் கண்முன் வந்து நின்றிருக்கும். இந்த வேதனையில் ஒரு பங்கு பெருமையும் கலந்திருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது அவள் என் பள்ளித் தோழனுக்கு மனைவியாகப் போகிறாள். கணேசமூர்த்திக்கு இந்தப் பழைய கதை தெரியாது. பந்தலில் என்னைப் பார்த்ததும் அவள் கலங்கிவிட்டால் அவன் வாழ்க்கை என்ன ஆவது? போகாமல் இருந்துவிடலாம், ஆனால் வாழ்த்துப்பா எழுதி வாசிக்கும் பொறுப்பை அவன் என் தலையில் கட்டியிருந்தான். ஆகவே ஒரு முடிவுக்கு வந்தேன். கல்யாணம் முடிவதற்குள் அவளிடம் தனியாக மன்னிப்புக் கேட்டு, அந்த மனப்புண்ணை ஆற்றிவிட வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் ஹட்டனில் ரயில் ஏறினோம். என்னோடு இரண்டு பேர். கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் நஜீம். தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்யும் சிவசாமி. மூவரும் கணேசமூர்த்தியோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துப்பா என் மடியில் இருந்தது. நஜீமின் கடையில் எடுத்த கோட்டு அக்குளைப் பிடித்துக்கொண்டிருந்தது. கொட்டகலை தாண்டியதும் இருவரிடமும் விஷயத்தைச் சொன்னேன்.

"அவ அழுதான்னு ஒனக்கு யாரு மச்சான் சொன்னது?" என்று கேட்டான் நஜீம்.

"இதெல்லாம் ஒருத்தர் வந்து சொல்லணுமா? நமக்கே தெரியாதா?"

"நெனப்புத்தான் பொழப்பக் கெடுக்கும்பாங்க" என்றான் சிவசாமி. ஆனாலும் அவன் நல்லவன். துண்டை எடுத்துத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு, "சரி, நாந்தான் பூரணி. கேளுடா மன்னிப்ப" என்றான்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். "சகோதரி, விதி நம்மைப் பிரித்தது. என் மறுப்பால் உன் இளநெஞ்சு பட்ட காயத்தை நான் அறிவேன்..." என்று தொடங்கி, தலவாக்கலை வரும்வரை பேசினேன். சிவசாமி துண்டால் மூக்கைச் சிந்தினான். எதிர்ப் பலகையில் முட்டைக்கோவாக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் பொறுக்க முடியாமல், "மன்னிச்சு விட்ருப்பா, அந்தத் தம்பியப் பாத்தா பாவமா இருக்கு" என்று சிவசாமியைக் கெஞ்சினார். ஒத்திகை நன்றாக அமைந்துவிட்டதென்று எனக்குத் திருப்தி.

தலவாக்கலையிலிருந்து பஸ். பூண்டுலோயாவில் இறங்கும்போது மழை. தோட்டத்துக்கு ஏறுகிற பாதையில் வாழ்த்துப்பாவைக் கோட்டுக்குள் வைத்துக் காப்பாற்றினேன்; கோட்டைக் காப்பாற்ற ஆளில்லை. இடது அக்குளில் தையல் விட்டுவிட்டது. அன்று முழுவதும் இடது கையைத் தூக்காமலே எல்லோரையும் கும்பிட்டேன்.

எங்களுக்குத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இடம் கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் பெண்ணுக்கு நலங்கு. தலைவலி என்று சொல்லி நான் போகவில்லை. என்னைக் கண்டு அவள் மயங்கி விழுந்துவிட்டால்? போய்விட்டு வந்த நஜீம், "பொண்ணு நல்லாச் சிரிச்சிக்கிட்டு ஈக்கிறா மச்சான்" என்றான்.

"வெளியில சிரிப்பாங்கடா" என்றேன். "உள்ள என்ன இருக்குன்னு ஒனக்கென்ன தெரியும்?"

நஜீம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பாயை உதறிப் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாரியம்மன் கோயில் பந்தலில் முகூர்த்தம். நான் நஜீமின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். நஜீம் ஒல்லி, என்னில் பாதி இரண்டு பக்கமும் வெளியே தெரிந்திருக்கும். தாலி ஏறியதும் மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

வாழ்த்துப்பாவில் நான்காம் பாட்டை அவளுக்கென்றே எழுதியிருந்தேன். "போனதை மறந்து பூத்திடு பெண்ணே" என்ற வரியில் என் குரல் உடைந்தது. கண்ணில் தண்ணீர். கணேசமூர்த்தியின் மாமா பக்கத்திலிருந்தவரிடம், "வாத்தியாருக்கு நம்ம மாப்பிள்ளன்னா உசுரு" என்று சொன்னது மைக்கிலும் கேட்டது. மணப்பெண்ணைப் பார்த்தேன். அவள் தோழியிடம் மாலை கழுத்தில் அரிக்கிறதென்று காட்டிக்கொண்டிருந்தாள். எவ்வளவு மனஅடக்கம் என்று வியந்தேன்.

கடைசிப் பந்தியில்தான் உட்கார்ந்தேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது மணமக்கள் பந்தி விசாரித்துக்கொண்டு எங்கள் வரிசைக்கு வந்தார்கள்.

"இவன்தான் நல்லமுத்து, என் கூட்டாளி" என்றான் கணேசமூர்த்தி.

"தெரியுங்களே" என்றாள் பூரணி. "நம்ம வீட்டுக்கு வந்திருக்காருங்க."

என் கையிலிருந்த அப்பளம் நொறுங்கியது. கணேசமூர்த்தி சிரித்தான். "எனக்கும் தெரியும்டா. பரிசம் போட்ட அன்னிக்கே சொல்லிருச்சு." அதற்குள் யாரோ அவனைக் கூப்பிட, அவன் நகர்ந்தான். அவள் நின்றாள். இதைவிட்டால் வேறு சமயம் கிடைக்காது. ரசச்சோற்றுக் கையோடு எழுந்தேன். ரயிலில் வந்த செந்தமிழ் ஒரு சொல்லும் வாயில் வரவில்லை.

"தங்கச்சி, அன்னிக்கு நான் ஒங்கள வேணாம்னு சொன்னத மனசுல வச்சுக்காதீங்க."

அவள் முகத்தில் உண்மையான குழப்பம். "நீங்க வேணாம்னீங்களா? எப்பங்க?"

"அன்னிக்குத்தான். வீட்டுக்குப் போனதும்."

"நீங்க பீலித் தண்ணியில கை கழுவப் போனப்பவே நாந்தான் வேணாம்னு சொல்லிட்டேனே. ஒங்க அம்மாகிட்டதான் சொன்னேன். 'சரிம்மா'ன்னாங்க. சொல்லலீங்களா?"

பக்கத்து இலையில் சிவசாமி சாப்பிடுவதை நிறுத்தினான். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. கேட்டிருக்கக் கூடாது; கேட்டுவிட்டேன். "ஏன் வேணாம்னீங்க?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "எங்கம்மா நீங்க ஒக்கார்றதுக்குன்னு ஒரு பெஞ்ச காலையில சாம்பல் போட்டுத் தேச்சுக் கழுவி வச்சிருந்தாங்க. ஒங்க அம்மா வந்ததும் அப்படியே ஒக்காந்தாங்க. நீங்க கைக்குட்டையால தொடச்சிட்டு, அப்புறம் அதையே விரிச்சு, அது மேல ஒக்காந்தீங்க. அதாங்க."

நினைவு வந்தது. வெள்ளைக் கைக்குட்டை. நான் பிறந்ததும் அவள் வீடு மாதிரியே ஒற்றை அறையான ஒரு லயத்துக் காம்பராவில்தான். சாக்கு விரித்துப் படுத்து வளர்ந்தவன். என்னைப் படிக்க வைத்தது அம்மா பறித்த கொழுந்து. ரயிலில் அவ்வளவு நேரம் ஒத்திகை பார்த்த மன்னிப்பு வேறொரு குற்றத்துக்கு உரியது. செய்யாத அந்தக் குற்றத்துக்குப் பக்கம் பக்கமாக வைத்திருந்தேன். செய்த குற்றத்துக்கு ஒரு வரி இல்லை.

"மன்னிச்சுக்கம்மா" என்றேன்.

"எங்கிட்ட எதுக்குங்கண்ணே? நான் அன்னிக்கே மறந்துட்டேன். அந்தக் கைக்குட்டையப் பாத்து ஒங்க அம்மா மூஞ்சிதான் செத்துப் போச்சு. அவங்ககிட்ட கேளுங்க." பிறகு இலையைப் பார்த்து, "ஒக்காருங்க, சோறு ஆறுது" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

உட்கார்ந்தேன். நஜீம் தன் அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தான்; சிவசாமி எனக்காக ரசத்தைக் கூப்பிட்டான். அவர்கள் என்னைக் கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். இந்தப் பதினான்கு மாதத்தில் எத்தனையோ சாயங்காலம், மலையிலிருந்து வந்து கூடையை இறக்கி வைத்துவிட்டு அடுப்பு ஊதிக்கொண்டிருக்கும் அம்மாவிடம், "அந்தப் பூண்டுலோயாப் பொண்ணு பாவம்மா, நான் வேணாம்னு சொன்னதுல மனசொடிஞ்சு போயிருக்கும்" என்று சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அம்மா, "ஆமாப்பா" என்றாள்.