கல்லுப்பு போட்ட ஐஸ் வாளி

காலை ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தேன், அக்கா. இறுதி ஓட்டம் அதே ஆவடி மைதானத்தில், மாலை நான்கு மணிக்கு. முதல் மூன்று பேரை எங்கள் கம்பெனி ஓட்ட அணியில் எடுப்பார்கள். எடுத்தால் என் ஒப்பந்த வேலை நிரந்தரமாகிவிடும். ஆனால் கெண்டைக்கால் இரண்டும் கட்டையாக இறுகிக் கிடந்தன.

பயிற்சியாளர் தாட்சாயிணி மேடம், ஐஸ் தண்ணீரில் ஒரு நிமிடம், வெதுவெதுப்பான தண்ணீரில் மூன்று நிமிடம் என்று கால்களை மாற்றி மாற்றி வைக்கச் சொல்லிவிட்டு அலுவலகம் போனார். வாளிகளைக் கொண்டுவந்தவன் என் அறைத்தோழன் கிஷோர், சென்னை மண்ணூர்பேட்டைக்காரன்.

"கால வையி மாமே. ஐஸ்ல ரெண்டு பாக்கெட் கல்லுப்பு கொட்டிட்டேன். கால்வலின்னா எங்கம்மா உப்பு போட்டுதான் ஊத்தும்."

"அது சுடுதண்ணிக்குல்லா போடுவாவ?"

"எதுல போட்டா இன்னா? பயமா கீதா?"

வைத்தேன். எலும்புவரை கடித்தது. பிறகு வலியே இல்லை.

"வலி பூட்ச்சா? அப்போ இன்னும் அஞ்சு நிமிசம் வையி!"

வைத்தேன். வெளியே எடுத்தபோது விரல்கள் மெழுகு போல வெளுத்திருந்தன. நகத்தை அழுத்தினேன். ஒன்றும் தெரியவில்லை.

கிஷோர் முகம் மாறியது. கேன்டீனிலிருந்து கொதிக்கக் கொதிக்க வாங்கிவந்த வாளியை என் பக்கம் இழுத்தான். "இதுல வுடு, சீக்கிரம்!"

"வைக்காத!" மேடம் ஓடிவந்தார். "மரத்த காலுக்குச் சூடு தெரியாது. தோல் வெந்துடும்." ஐஸ் வாளியில் கைவைத்தவர் அடியில் கிடந்த உப்பைப் பார்த்தார். "உப்பு போட்டா ஐஸ் இன்னும் குளிரும்டா. குல்பி வண்டிக்காரனுக்குத் தெரியுறது உனக்குத் தெரியாதா?"

கிஷோர் ஐஸ் வாளியைத் தூரத் தள்ளினான்.

கொதிதண்ணீரில் பச்சைத் தண்ணீர் கலந்து, கையால் சூடு பார்த்துப் பார்த்து, வெதுவெதுப்பானதும் என் கால்களை அதில் வைத்தார் மேடம். உணர்வு திரும்பியபோது ஊசியால் குத்துவது போல வலித்தது. துண்டைக் கடித்துக்கொண்டேன். வலது காலில் மட்டும் இரண்டு விரல்கள் வெள்ளையாகவே இருந்தன. நான்கு மணிக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. ஒலிபெருக்கியில் எங்கள் எண்களைக் கூப்பிடத் தொடங்கினார்கள்.

"கண்ண மூடு. அந்த ரெண்டு விரலத் தொடுறேன். தெரியுதா?"

நிரந்தர வேலை. உன் முகம். அம்மாவின் முகம்.

"தெரியுது மேடம்."

"நான் இன்னும் தொடவே இல்லப்பா."

கண்ணைத் திறந்தேன். மேடம் கையிலிருந்த ஓட்டக்காரர் பட்டியலில் என் எண்ணை அடித்துக்கொண்டிருந்தார். "கிஷோர், வண்டிய எடு. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க."

கேட்டைத் தாண்டும்போது ஓட்டம் தொடங்கும் விசில் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, அக்கா.