சிவப்புப் பென்சிலில் அடித்த மூன்று வரி

மேசை, அலமாரி, மடக்குக் கட்டில் என்று எதை வாங்கினாலும் பெட்டிக்குள் ஒரு தாள் இருக்குமே, எல்லோரும் முதலில் தூக்கிப் போட்டுவிட்டுப் பிறகு குப்பைக் கூடையில் தேடுகிற தாள், அதை எழுதவும் ஒரு ஆள் வேண்டாமா? அந்த ஆள்தான் இவன். அலுவலகத்தில் இவனைக் கையேட்டுக்காரன் என்பார்கள். ஒரு பொருளைப் பூட்டுவதோ மடிப்பதோ ஆறு வரிக்கு மேல் போனால் அது எழுதியவன் குற்றம் என்பது இவன் கொள்கை. பதினோரு வருடமாக அந்தக் கொள்கைக்கு ஒரு குறையும் வரவில்லை. எழுதியதை இவன் ஒருநாளும் கையால் செய்து பார்த்ததில்லை என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

அன்று காலை அவன் மனைவி பத்து மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. ஐந்து மணிக்கே எழுந்து குளித்து, கண்ணாடி முன்னால் நின்று, யாரையோ முதன்முதலாகச் சந்திக்கப் போகிறவள் போலத் தலையை மூன்று தடவை பின்னிப் பின்னிப் பிரித்தாள். காத்திருந்தது என்னவோ ஒரு தட்டு மெழுகும் யாருடைய வாய்க்கோ போகவேண்டிய கடைவாய்ப் பற்களும்தான்.

செருப்பை மாட்டிக்கொண்டே எச்சரித்தாள்.

"ஒன்பது மணிக்குள்ள பிள்ளைங்க ரெண்டு பேரையும் காப்பகத்துல விட்டுடணும். முதல் நாள். வரலன்னா அவங்க எனக்குத்தான் போன் பண்ணுவாங்க. படிவத்துல என் நம்பர்தான் முதல்ல இருக்கு."

"தெரியும்."

"பன்னண்டு மணிக்கு முன்னாடி போன் வந்துச்சுன்னா, அது அவங்களா இருந்தாலும் சரி, நீயா இருந்தாலும் சரி, நான் கிளம்பி வந்துடுவேன். அப்படி ஒரு தடவை வந்துட்டா திரும்பப் போக எனக்கு மனசு வராது. என்னைப் பத்தி எனக்குத் தெரியும்பா."

"ரெண்டு குழந்தை, ஒரு தள்ளுவண்டி, ஒரு பஸ். ஆறு வரில முடிஞ்சுடும்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து விழுங்கினாள். "வண்டிய மடிக்கத் தெரியுமா?"

"நீ ஒத்தைக் கையால மடிக்கிற. எனக்கு ரெண்டு கை இருக்கு."

உண்மைதான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே, கண்மூடித் திறப்பதற்குள் வண்டியை ஒரு குடை போலச் சுருக்கிவிடுவாள். எப்படி என்று கேட்டால், "பார்த்ததுமே வந்துடுச்சு" என்பாள். பார்த்ததும் வருகிற விஷயத்தை அவன் இதுவரை பார்க்கவே இல்லை.

எட்டரை மணிப் பேருந்தில் அவன் ஏறியபோது எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. நடுக்கதவுக்கு எதிரே இருக்கை இல்லாத ஒரு வெற்றிடம். சக்கர நாற்காலிப் படமும் குழந்தை வண்டிப் படமும் போட்டு ஒரு அறிவிப்பு: 'நாற்காலி வந்தால் வண்டியை மடித்து இடம் விடவும்.' ஒரே வரி. எழுதியவனை அவன் மனதுக்குள் பாராட்டினான். வண்டியை அங்கே நிறுத்தினான். வண்டிக்குள் பத்து மாதப் பையன், பொட்டலம் என்று செல்லப்பெயர், வாயைத் திறந்து தூங்கினான். நாலரை வயதுப் பெரியவள் கம்பியைப் பிடித்து நின்றாள். எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி போடுவதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர்.

"அப்பா, நாற்காலி வந்தா என்ன பண்ணுவ?"

"மடிச்சுடுவேன்."

"எப்படி?"

"வந்தா பாரு."

வந்தது. அடுத்த நிறுத்தத்திலேயே வந்தது.

ஓட்டுநர் இறங்கி வந்து கதவடியில் சாய்பலகையை விரித்தார். மோட்டார் வைத்த நாற்காலி 'ஞொய்' என்று ஏறி உள்ளே வந்து நின்றது. அதில் அவன் வயதொத்த ஒரு பெண். கழுத்தில் ஒரு லிஃப்ட் கம்பெனியின் அடையாள அட்டை.

"வணக்கம் சார்," என்றாள். "கொஞ்சம் மடிச்சீங்கன்னா நான் உள்ள போயிடுவேன்."

"இதோ மேடம், தாராளமா. உங்க இடம்தானே." மனதாரச் சொன்னான். சண்டை போடுகிற ஜாதி இல்லை அவன். பொட்டலத்தைத் தூக்கி இடது தோளில் போட்டான். வலது கையால் கைப்பிடியை அழுத்தினான். வண்டி நின்றது. முன்னால் தள்ளினான். வண்டி முன்னால் போனது. பின்னால் இழுத்தான். பின்னால் வந்தது. எங்கே சொன்னாலும் போகத் தயாராக இருந்த அந்த வண்டி, முழங்காலை மட்டும் மடக்க மாட்டேன் என்று ஒட்டகம் போல நின்றது.

பின்னால் ஒரு கார் ஹார்ன் அடித்தது.

"ஒண்ணு," என்று வக்கீல் விரல் விட்டாள்.

டை கட்டிய ஒருவர் கைகொடுக்க வந்து ஒரு சக்கரத்தைப் பிடித்தார். கல்லூரிப் பையன் ஒருவன் இன்னொரு சக்கரத்தைப் பிடித்தான். ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் வண்டி ஒரு தடவை முனகியது. பின்னால் இன்னும் இரண்டு ஹார்ன்.

"ரெண்டு. மூணு."

அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மணி எட்டு முப்பத்தெட்டு. அடுத்த பேருந்து நாற்பது நிமிடம் கழித்து. இறங்கினால் ஒன்பது போய்விடும். ஒன்பது போனால் காப்பகத்திலிருந்து அவளுக்கு போன் போகும். அந்தப் போன் போனால் யாருக்கோ வரவேண்டிய பற்கள் வராது. அது போகட்டும். காலையில் மூன்று தடவை பின்னிய அந்தப் பின்னல்?

"நாங்க இறங்கிடுறோம் மேடம்," என்றான்.

"எப்படி இறங்குவீங்க? கதவை அடைச்சுக்கிட்டு நான்ல நிக்கிறேன்." அவள் சிரித்தாள். பிறகு, திடீரென்று வேறொரு குரலில், வெண்ணெய் தடவியது போன்ற குரலில் பேசினாள். "பதறாதீங்க சார். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. உள்ள காத்து வருதா?"

"வ... வருது."

"உங்க கூட எத்தனை பேர் இருக்காங்க?"

"ரெண்டு குழந்தைங்க."

"நல்லது. எதையும் பிடிச்சு இழுக்காதீங்க. நான் பேசிட்டே இருக்கேன்."

கையேட்டுக்காரன் விழித்தான். "மேடம், நீங்க..."

"என் வேலையே இதான் சார். லிஃப்டுல மாட்டிக்கிட்டவங்க சிவப்புப் பட்டனை அழுத்தினா நான்தான் பேசுவேன், மெக்கானிக் வர்ற வரைக்கும். ஒன்பது மணிக்கு நாற்காலில இருக்கணும். இல்ல, நாற்காலிலதான் இருக்கேன், ஆபீஸ்ல இருக்கணும்." டைக்காரர் பக்கம் திரும்பினாள். "அண்ணா, விட்டுடுங்க. லிஃப்ட் கதவை உள்ளேர்ந்து இழுக்குற மாதிரிதான் இதுவும். தம்பி, நீயும்."

இருவரும் கையை எடுத்தார்கள்.

"மோட்டாரை அணைச்சுட்டேன். சின்னவரை இங்க குடுங்க."

பொட்டலம் அவள் மடிக்கு மாறினான். கண் விழித்தான், அழலாமா என்று யோசித்தான், அடையாள அட்டையைப் பார்த்தான், அதை வாயில் போட்டுக்கொண்டு யோசனையைக் கைவிட்டான்.

"உங்கள ஆன்ட்டின்னு கூப்பிடணுமா, அக்கான்னா?" என்று வக்கீல் கேட்டாள்.

"அக்கான்னு கூப்பிட்டா நாம நண்பர்கள். ஆன்ட்டின்னு கூப்பிட்டா நான் இறங்கிடுவேன்."

"அக்கா, ஆறு ஹார்ன் ஆச்சு."

"எண்ணிக்கிட்டே இரு. சார், முதல்ல கூரையைப் பின்னால சாய்ங்க."

அவன் வண்டியின் துணிக்கூரையைச் சாய்த்தான். எங்கேயோ படித்தது போல இருந்தது.

"முன்சக்கரம் ரெண்டும் நேரா இருக்கணும். கால்ல தட்டுங்க. ம். இப்ப இருக்கைக்கு அடியில ஒரு கொக்கி இருக்கும், நீல நூல் கட்டின கொக்கி. அதைக் கால் நுனியால மேல தூக்குங்க."

குனிந்து பார்த்தான். நீல நூல் இருந்தது. அவன் வீட்டு வண்டியின் அடிவயிற்றில், அவன் பார்த்தேயிராத இடத்தில், யாரோ அழகாக முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

"உங்களுக்கு எப்படி மேடம்..."

"முதல்ல கொக்கி."

தூக்கினான். கைப்பிடியைத் தொட்டான். அவ்வளவுதான், வண்டி பெருமூச்சு விட்டுக் குடை போலச் சுருங்கி அவன் கையில் சாய்ந்தது. டைக்காரர் கைதட்டினார். வெளியே ஹார்ன் சத்தம் கிளம்பியது. வக்கீலுக்குப் பத்து விரலும் தீர்ந்துவிட்டன. எட்டித் தம்பியின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, "பதினொண்ணு!" என்றாள்.

நாற்காலி உள்ளே போய் நின்றது. பேருந்து நகர்ந்தது. அட்டை இன்னும் பொட்டலத்தின் வாயில் இருந்ததால் அவனும் மடியிலேயே இருந்தான். கையேட்டுக்காரன் சுருங்கிய வண்டியை நெஞ்சோடு அணைத்தபடி எதிர் இருக்கையில் உட்கார்ந்தான்.

"இப்ப சொல்லுங்க. அந்த நூல்?"

"நான்தான் கட்டச் சொன்னேன். ஏழு மாசத்துக்கு முன்னாடி, இதே வண்டி, இதே பஸ். ஒரு அம்மா, கைக்குழந்தை. நீங்க நின்ன மாதிரியேதான் நின்னாங்க. நீங்களாவது அழல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அழகாப் பின்னல் போட்டிருப்பாங்க. உங்க வீட்டம்மாவா?"

அவளேதான். பார்த்ததுமே வந்துடுச்சாமே!

"நீங்க எல்லா வண்டியையும் மடிக்கப் படிச்சிருக்கீங்களா?"

"படிக்கணுமா? தினம் ரெண்டு வேளை, ஆறு வருஷம். எல்லாரும் எனக்கு முன்னாடிதானே மடிக்கிறாங்க. எதுக்கு எங்க கொக்கின்னு கம்பெனிக்காரனை விட எனக்குத் தெரியும். ஆனா அன்னிக்குக் கொஞ்சம் திணறிட்டேன் சார். அந்தம்மா பையிலேர்ந்து அந்த வண்டியோட கையேட்டை எடுத்துக் குடுத்தாங்க. படிச்சாப் புரியவே இல்ல. ஏன்னா நடுவுல மூணு வரிய யாரோ ஒரு புண்ணியவான் சிவப்புப் பென்சில்ல அடிச்சு வெச்சிருக்கான். எழுத்தே தெரியாத அளவுக்கு அழுத்தி."

கையேட்டுக்காரனின் காது சூடானது. ஞாபகம் வந்துவிட்டது. வண்டி வந்த அன்று இரவு, சாப்பாட்டு மேசை, ஒன்பது வரித் தாள். 'கூரையைச் சாய்க்கவும்': தேவையற்றது. 'முன்சக்கரங்களை நேராக்கவும்': யாருக்கும் தெரிந்ததே. 'அடியில் உள்ள கொக்கியை': வாசகரைக் குழப்பும். ஆறு வரியாக்கி, தலைப்பில் 'இப்போது சரி' என்று எழுதி, குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியவனும் அவனேதான். அதை அவள் எப்போது எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்?

"யாரு அடிச்சதுன்னு கேட்டேன்," என்றாள் அவள். "கடைசி வரைக்கும் காட்டிக்குடுக்கல. ரெண்டு பேரும் சேர்ந்து அந்த ஆளை நல்லா திட்டினோம்."

"பலமாவா?"

"லிஃப்டுல மாட்டினவங்க மெக்கானிக்கைத் திட்டுற மாதிரி."

"அது எங்கப்பாதான்," என்றாள் வக்கீல், யாரும் கேட்காமலேயே. "அப்பா கிட்டதான் சிவப்புப் பென்சில் இருக்கு. எனக்குத் தரவே மாட்டாரு."

அவன் முகத்தில் அசடு வழிந்தது. லிஃப்ட் கம்பெனிப் பெண் பொட்டலத்தின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். சிரிப்பு அடங்க இரண்டு நிறுத்தம் ஆயிற்று.

"சார், வருத்தப்படாதீங்க. வீட்டுல சொல்ல வேணாம்னு அவங்க எங்கிட்ட சொல்லியிருந்தாங்க. இப்ப உளறிட்டேன். நீங்களும் உளறாம இருந்தா கணக்கு சரி."

"நான் வாயே திறக்க மாட்டேன்."

"உங்களைச் சொல்லல. இவளைச் சொன்னேன்."

வக்கீல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாக்குக் கொடுப்பது அவள் வழக்கமில்லை.

காப்பகத்து வாசலை அடைந்தபோது மணி எட்டு ஐம்பத்தாறு. வண்டியை விரிக்கத் தெரியாததால் சுருங்கியது சுருங்கியபடியே அக்குளில் இடுக்கி, ஒரு கையில் பொட்டலம், மறு கையில் வக்கீல் என்று ஓடிவந்திருந்தான். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதும், இனி யாருக்கும் போன் செய்யத் தேவையில்லாத காப்பகத்து அம்மையார், "முதல் நாளே சீக்கிரம் வந்துட்டீங்களே," என்றார்.

அலுவலகத்தில் அன்று ஒரு மடக்கு நாற்காலிக்குக் கையேடு. ஆறாவது வரியோடு நிறுத்தினான். கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்தான். பிறகு கிடங்குக்குப் போய் நிஜ நாற்காலியைக் கேட்டு வாங்கிவந்து, அலுவலகமே வேடிக்கை பார்க்க, தரையில் உட்கார்ந்து மடித்தான், விரித்தான், விரலை நசுக்கிக்கொண்டான். மேலாளர் எட்டிப் பார்த்து, "உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று அக்கறையாகக் கேட்டார். கையேடு பத்து வரியில் முடிந்தது.

சரியாகப் பன்னிரண்டுக்கு மனைவியை அழைத்தான். முதல் மணியிலேயே எடுத்தாள். பின்னணியில் அரத்தால் ஏதோ ராவும் சத்தம்.

"எல்லாம் சரியாப் போச்சா?"

"போச்சே. உனக்கு?"

"முதல் செட்டே முன்பல்லு தூக்கிக்கிச்சு. இப்ப சரி பண்ணிட்டேன். கை எதையும் மறக்கலப்பா!" அந்தக் குரலில் இருந்த துள்ளலை அவன் பத்து மாதமாகக் கேட்கவில்லை. பிறகு கொஞ்சம் நிதானித்தாள். "பஸ்ல... வண்டிய மடிக்க வேண்டி வந்துச்சா?"

"வந்துச்சு."

"மடிச்சியா?"

"ம். பார்த்ததுமே வந்துடுச்சு."

மறுமுனையில் ராவும் சத்தமும் நின்றது. சிரிப்பை அடக்கினால் மூக்கால் வருமே, அந்த ஒலி மட்டும் வந்தது.

"எத்தனை ஹார்ன்?" என்றாள்.

அவன் கூசாமல், "ஒன்பது" என்றான். மீதி இரண்டை, எப்படியும் சாயங்காலம் ஒருத்தி தம்பியின் விரலைப் பிடித்துக் காட்டிச் சொல்லத்தான் போகிறாள்.